இழை: மாதாந்திரச் சைரன் சோதனையைப் பதிவு செய்வது – தூரம், மைக், கெய்ன், காது

#1 | நேபர்வில்_மாலா

எல்லோருக்கும் வணக்கம். இல்லினாயில் மாதத்தின் முதல் செவ்வாய், காலை 10 மணிக்குச் சைரன் சோதனை என்பது இங்கே பலருக்கும் தெரியும். எங்கள் பூங்காவை ஒட்டிய கம்பத்தில் இருப்பது ஒரே ஒரு பெரிய புனல், மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஊதும் ரகம். கைபேசியில் எடுத்தால் புனல் நம் பக்கம் திரும்பும்போது ஒலி கரகரவென்று உடைகிறது. அந்தப் பக்கம் போனதும் கார், பறவைச் சத்தமெல்லாம் திடீரென்று பெரிதாகிறது. காதில் கேட்கும் ஏற்ற இறக்கம் பதிவில் இல்லவே இல்லை. இதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டுமா? எவ்வளவு தூரத்தில் நிற்பது?

#2 | கம்பத்தடி

மாலா, நீங்கள் சொல்வது தானியங்கிக் கெய்னின் (கெய்ன் என்றால் மைக் ஒலியை எவ்வளவு தூக்குவது என்ற அளவு) வேலை. கைபேசி பேச்சுக்குரலுக்காக வடிவமைக்கப்பட்டது. பெரிய ஒலி வந்தால் அமுக்கும், அமைதியானால் தூக்கும். சுற்றும் சைரனின் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் போன் அழித்துவிடுகிறது.

ஆண்ட்ராய்டு என்றால் ஓப்பன் கேமரா செயலியில் ஒலி மூலத்தை 'பதப்படுத்தாதது' என்று மாற்றிப் பாருங்கள். எல்லாப் போனும் அதை ஏற்பதில்லை. ஏற்றாலும் போன் மைக் அருகில் உடையத்தான் செய்யும். நல்ல வழி, படத்துக்குப் போன், ஒலிக்குத் தனி ரெக்கார்டர். இரண்டையும் ஓடவிட்டு, கேமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டினால் பிறகு பொருத்திக்கொள்ளலாம். ஐந்து நிமிடப் பதிவில் இரண்டு கடிகாரங்களும் விலகுவது கண்ணுக்குத் தெரியாது.

அமைப்பு: வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஆட்டோ லெவல், லிமிட்டர் (உச்சியை அமுக்கும் வசதி) இரண்டும் அணைக்கவும். லோ-கட் (தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் இருக்கலாம். சைரனின் அடிப்படைச் சுருதி 400-க்கு மேல்தான். மோட்டார் கிளம்பும் முதல் உறுமலில் ஒரு நொடிக்கும் குறைவான அடிப்பகுதி போகும், ஆனால் காற்றின் இரைச்சல் பெருமளவு குறையும்.

#3 | டெசிபல்தாசன்

கெய்னை எங்கே வைப்பது என்று யாரும் சொல்வதில்லை, அதனால் கணக்கோடு எழுதுகிறேன்.

சைரன்களின் திறனை 100 அடி தூரத்தில், புனலுக்கு நேர் எதிரே அளந்து சொல்வார்கள். '2001-130' என்ற மாதிரி போன்ற பெரிய சுற்றும் ரகங்கள் அங்கே ஏறத்தாழ 130 டெசிபல். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பது பாடப்புத்தகம். ஊரைப் போர்த்தும் திட்டம் போடும்போது கட்டடம், மரம், தரை எல்லாவற்றையும் சேர்த்து இரட்டிப்புக்கு 10 டெசிபல் என்று எடுப்பார்கள். உண்மை இரண்டுக்கும் இடையில் இருக்கும். ஆக 500 அடியில், அதாவது 150 மீட்டரில், 107-லிருந்து 116 வரை எதிர்பார்க்கலாம்.

உங்கள் ரெக்கார்டரின் கையேட்டில் தாங்கும் அதிகபட்ச ஒலி அழுத்தம் இருக்கும். பல கைக்கருவிகளில் அது 120 டெசிபல். மிகக் குறைந்த கெய்னில் 120 வந்தால் அளவி உச்சியைத் தொடும் என்று வையுங்கள். 110 எதிர்பார்த்தால் அது −10-ல் நிற்கும். அலையின் உச்சி சராசரியைவிட உயரமாக இருக்கும் என்பதால் இன்னும் 6 டெசிபல் ஒதுக்க வேண்டும். மீதி 4 டெசிபல்தான். அதாவது 150 மீட்டரில் நிற்பவர் கெய்ன் குமிழை அடிமட்டத்தை விட்டு நகர்த்தவே தேவையில்லை. 'மூன்றில் வைத்தேன், உடைந்துவிட்டது' என்று வரும் பதிவுகள் எல்லாம் புனல் பக்கவாட்டில் இருந்தபோது அளவியைப் பார்த்துக் கெய்ன் வைத்தவை. நேரே திரும்பும் கணத்துக்குத்தான் வைக்க வேண்டும்.

32 பிட் ஃப்ளோட் (மிகப் பெரிய ஒலியையும் உடையாமல் எண்ணாக எழுதும்) கருவி இருந்தால் எண்மப் பக்கத்தில் உடைவு வராது. ஆனால் மைக்கின் சவ்வு தாங்காத அழுத்தத்தை எந்த பிட்டும் காப்பாற்றாது. காற்று நேராக மைக்கில் அடித்தாலும் இதே கதைதான். பஞ்சு உறை மெல்லிய காற்றுக்கு மட்டும். வெளியே எடுப்பதற்கு ரோம உறை கட்டாயம்.

அடுத்தது காது. 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. 100 டெசிபலில் 15 நிமிடம். 112-ல் ஒரு நிமிடம்கூட இல்லை. சோதனை மூன்று நிமிடம் ஊதினால் கணக்கு நீங்களே போடலாம். என்ஆர்ஆர் (ஒலியைக் குறைக்கும் மதிப்பீடு) 33 என்று அச்சிட்ட நுரைச் செருகி, களத்தில் 13 டெசிபல் அளவுக்கே கணக்கில் எடுக்கத்தக்கது. (33−7)÷2 என்ற சூத்திரம். அதன்மேல் காதுமூடி போட்டால் மேலும் 5 கிடைக்கும், அவ்வளவே. குழந்தைகளை அழைத்துப் போனால் தூரத்தை இரட்டியுங்கள்.

#4 | நேபர்வில்_மாலா

தாசன் சார், மிக்க நன்றி. ஒரு சந்தேகம். கம்பத்துக்கு 30 மீட்டரில் நின்று எடுத்த ஒரு காணொளியில் சத்தம் பெரிதாக இருந்தாலும் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதே, ஏன்?

#5 | கம்பத்தடி

கோணம். கம்பம் 15 மீட்டர் உயரம் என்றால், 30 மீட்டரில் நிற்பவர் புனலின் அச்சிலிருந்து ஏறத்தாழ 25 பாகை கீழே இருக்கிறார். புனல் மேல்சுரங்களைக் குறுகிய கற்றையாக முன்னே அனுப்பும். அவை தலைக்குமேல் போய்விடும், அடிச்சுரம் மட்டும் கீழே இறங்கும். 150 மீட்டரில் அந்தக் கோணம் 5 பாகை. அங்கேதான் அந்த உலோகக் கூர்மை முழுதாகக் கிடைக்கும். கம்பத்தடியில் நிற்பதால் கிடைப்பது காதுவலி மட்டும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன், நம்புங்கள்.

இடம் தேர்வு செய்வதில் நான் பார்ப்பவை:

காற்று சைரனிலிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும். எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து, சில நூறு மீட்டரிலேயே நிழல் விழும்.

பின்னால் சுவர் கூடாது. 85 மீட்டர் பின்னால் பள்ளிக்கூடச் சுவர் இருந்தால் சரியாக அரை நொடி கழித்து எதிரொலி வந்து உட்காரும். சைரன் தொடர்ந்து ஊதும்போது அது தெரியாது. அணைந்த பிறகு இறக்கத்தில் அசிங்கமாகத் தெரியும்.

மைக்கின் உயரம். இதைப் பலர் கவனிப்பதில்லை. நேராக வரும் ஒலியும் தரையில் பட்டு வரும் ஒலியும் கலக்கின்றன. சைரன் 15 மீட்டர், மைக் 1.5 மீட்டர், தூரம் 150 மீட்டர் என்றால் இரண்டு பாதைகளுக்கும் வித்தியாசம் 0.3 மீட்டர். கான்கிரீட், தார் போன்ற கெட்டித் தரையில் 570 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பல இரட்டைச் சுருதி சைரன்களின் கீழ்ச்சுருதி 575. முக்காலியை ஆளுயரத்துக்கு விரித்து வைத்தவர்களின் பதிவில் ஒரு சுருதி மெலிந்து போவது இதனால்தான். மைக்கைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டரில் வையுங்கள். அந்தப் பள்ளம் 2,800-க்கு மேல் நகர்ந்துவிடும். தரையோரம் காற்றும் குறைவு. புல்தரையில் இந்த விளைவு இன்னும் குழப்பமானது, அங்கேயும் தாழ்வாக வைப்பதே நல்லது.

#6 | சுருதிப்பெட்டி

கம்பத்தடித் தம்பி சொன்ன 575 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று புதியவர்களுக்காக.

இயந்திர சைரன் என்பது துளையிட்ட உருளைக்குள் இன்னொரு துளையிட்ட உருளை சுழன்று காற்றை வெட்டுவது. சுருதி = வினாடிக்கு எத்தனை சுற்று × எத்தனை வாசல் (துளை). 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் இருமுனை மோட்டார் சுமையோடு நிமிடத்துக்கு 3,450 சுற்று, அதாவது வினாடிக்கு 57.5. பன்னிரண்டு வாசல் என்றால் 690 ஹெர்ட்ஸ், பத்து என்றால் 575, எட்டு என்றால் 460.

ஒரே தண்டில் இரண்டு ரோட்டர் (சுழலும் உருளை) இருந்தால் இரட்டைச் சுருதி. 8/12 என்பது 2:3, நம் காதுக்குச் சுத்தமான ச–ப. 9/12 என்பது 3:4, ச–ம. 10/12 என்பது 5:6, ச-வும் சாதாரண காந்தாரமும். பெடரல் சிக்னல் நிறுவனத்தின் எஸ்டிஎச்-10 சைரன் இந்த மூன்று அமைப்பிலும் உண்டு. பெயர்ப்பலகை தெரியாத உயரத்தில் இருந்தாலும் இடைவெளியைக் கேட்டே வாசலைச் சொல்லிவிடலாம். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது பெரிய வசதி.

உறுதி செய்ய ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரம் எந்தச் சுருதி என்று காட்டும் படம்) பார்வை. சாளர அளவு 4,096 வைத்தால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 12 ஹெர்ட்ஸ், கணக்குக்குப் போதாது. 16,384 வையுங்கள், 3 ஹெர்ட்ஸ் வரை பிரியும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்க்க மட்டும் சிறிய சாளரத்துக்குத் திரும்புங்கள். பெரிய சாளரம் வேகமாக ஏறும் சுருதியைப் பூசிவிடும்.

இன்னொன்று. வேகம் குறைந்தால் இரண்டு சுருதியும் சேர்ந்து இறங்கும், விகிதம் மாறாது, ஏனென்றால் தண்டு ஒன்றுதான். விகிதமே பொருந்தவில்லை என்றால் தொலைவிலிருந்து வேறொரு சைரன் கலந்திருக்கிறது. 690-ம் 687-ம் கலந்தால் வினாடிக்கு மூன்று துடிப்பு கேட்கும். 1.7 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சைரன் ஐந்து நொடி பிந்தித்தான் வரும். இப்படி இறக்கத்தின்போது 'இரண்டாவது முறை அணைகிறதே' என்று தோன்றுவது அதுதான்.

மாலா, உங்கள் பூங்காவில் இருப்பது ஒற்றைச் சுருதியா, இரட்டையா?

#7 | நேபர்வில்_மாலா

ஒற்றைச் சுருதிதான் ஐயா. கம்பத்தின் கீழே ஒரு அலமாரிப் பெட்டி இருக்கிறது.

#8 | கம்பத்தடி

அப்படியானால் பெரும்பாலும் 2001 வரிசை. அந்தப் பெட்டியில் கட்டுப்பாட்டுக் கருவியும், 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 48 வோல்ட் அடுக்கும் இருக்கும். கரண்ட் போனாலும் ஊத வேண்டும் என்பதற்காக. இதனால் சுருதி மின்கம்பியின் 60 ஹெர்ட்ஸோடு கட்டுப்பட்டதில்லை. பேட்டரி தளர்ந்தால், கடும் குளிரில், சுருதி ஊத ஊத இறங்கும். ஜனவரிப் பதிவையும் ஜூலைப் பதிவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதன் பயன் இதுதான்.

தண்டர்போல்ட் என்ற பழைய சைரனைப் பார்க்க நேர்ந்தால் விடாதீர்கள். 1952-ல் வந்தது. அதில் மூன்று மோட்டார்: காற்றை அழுத்தி அனுப்ப ஒன்று, வெட்ட ஒன்று, புனலைச் சுற்ற ஒன்று. காற்றுப் பம்பு தனிப் பெட்டியில், அங்கிருந்து குழாய் மேலே ஏறும். பம்பின் கடகட ஒலியும் தனியாகக் கேட்கும். அதற்காக மட்டும் இரண்டாவது ரெக்கார்டரைப் பொதுவழியிலேயே சற்று அருகே வைக்கலாம். இவற்றுக்கு உதிரிபாகம் கிடைப்பது கடினம். ஊர்கள் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு ஒலிபெருக்கி அடுக்கிய மின்னணு ரகம் வைக்கின்றன. இறக்கியபின் அந்த ஒலி திரும்ப வராது. அதனால்தான் உடையாத, முழுமையான பதிவு வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறோம்.

முழுமை என்றால்: ஊதும் முன் 60 நொடி சூழல் ஒலி, ஏற்றம், நடு, இறக்கம் கடைசி முனகல் வரை, அதன்பின் இன்னும் 30 நொடி. மின்சாரம் நின்றபின் ரோட்டர் தன் வேகத்தில் ஒரு நிமிடம்கூட ஓடலாம். பாதிப் பேர் அங்கே நிறுத்திவிடுகிறார்கள்.

#9 | ஆல்ப்ஸ்_யாழி

கம்பத்தடி அண்ணை, ஐரோப்பாக்காரருக்கும் கொஞ்சம் சொல்லுறன். இஞ்ச சுவிஸில பிப்ரவரி முதல் புதன், பகல் 1.30-க்கு நாடு முழுக்கச் சோதனை. வருசத்தில ஒரு முறைதான், அதால அண்டைக்குப் பேட்டரி செத்தால் அடுத்த வருசம் வரைக்கும் காத்திருக்கோணும். பொது எச்சரிக்கை ஒரு நிமிசம் ஏறி இறங்குற ஒலி. அணைக்கட்டுகளுக்குக் கீழ இருக்கிற ஊர்களில தண்ணி எச்சரிக்கை எண்டு வேற ஒண்டு: 20 நொடி தாழ்ந்த ஒலி, 10 நொடி இடைவெளி, இப்பிடிப் பன்னிரண்டு தரம். கிட்டத்தட்ட ஆறு நிமிசம் வரும். இது தாழ்ந்த சுருதி, அதால லோ-கட்டை முழுசா அணைச்சுப்போட்டு எடுங்கோ. பள்ளத்தாக்கில மலையில பட்டு எதிரொலி அஞ்சாறு நொடி நிக்கும். இடைவெளி 10 நொடி எண்டதால எதிரொலி முழுக்க அடங்கிறது தனியாக் கிடைக்கும். அதை வெட்டிப் போடாதேங்கோ.

நெதர்லாந்தில மாசம் முதல் திங்கள் மதியம் 12. ஜெர்மனியில செப்டம்பர் இரண்டாவது வியாழன் 11 மணி. அங்கத்தையப் பழைய இ57 கூரையில இருக்கிற காளான் மாதிரி ரகம், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், 2,800 சுற்று, 420 ஹெர்ட்ஸ். சுருதிப்பெட்டி ஐயா, ஒன்பது வாசல் எண்டு கணக்கு வருதோ?

#10 | சுருதிப்பெட்டி

சரியாக வருகிறது. 2,800÷60 = 46.67, ஒன்பதால் பெருக்கினால் 420.

#11 | ஓக்லஹோமா_சேகர்

நேரம், நடத்தை பற்றிச் சில வார்த்தை.

ஓக்லஹோமா சிட்டி சனி மதியம் 12. மினசோட்டா முதல் புதன் பகல் 1. டாலஸ் முதல் புதன் மதியம் 12. இண்டியானாபோலிஸ் வெள்ளி காலை 11. ஓஹையோவின் கொலம்பஸ் புதன் மதியம் 12. வானம் மிரட்டினால் சோதனை ரத்து, ஏனென்றால் மக்கள் நிஜம் என்று எண்ணிவிடுவார்கள். கடும் குளிரிலும், பனி உறைந்திருந்தாலும் சில ஊர்கள் தவிர்க்கும். சுற்றும் பகுதி உறைந்திருக்கும்போது மோட்டாரை இயக்கினால் கெட்டுப்போகும். கிளம்பும் முன் ஊரின் அவசரகால மேலாண்மைப் பக்கத்தைப் பாருங்கள். குளிரில் ரெக்கார்டருக்கு லித்தியம் ஏஏ போடுங்கள், காரம் கலந்த சாதா பேட்டரி −10-ல் சட்டென்று இறங்கிவிடும்.

இருபது நிமிடம் முன்னே போய்விடுங்கள். பொது நடைபாதை, பூங்கா மட்டும். சைரன் தீயணைப்பு நிலையத்திலோ பள்ளியிலோ இருந்தால் எதிர்ப்பக்கச் சாலையில் நில்லுங்கள், வண்டி வெளியேறும் வழியை அடைக்கக் கூடாது. பெட்டியைத் தொடாதீர்கள், கம்பத்தில் மைக் கட்டாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே முக்காலியோடு நின்றால் யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். 'பத்து மணிச் சைரன் சோதனையைப் பதிவு செய்கிறேன்' என்று சொல்லி, தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளி நில்லுங்கள்.

#12 | புதுவரவு_கதிர்

சேகர் அண்ணா, சைரனைக் கிளப்ப ரேடியோவில் வரும் டோன்களை ஸ்கேனரில் (பல ரேடியோ அலைவரிசைகளைக் கேட்கும் கருவி) பிடித்துப் பதிவின் முன்னால் சேர்த்தால் இன்னும் முழுமையாக இருக்குமே? சிலர் அப்படிப் போட்டிருக்கிறார்கள்.

#13 | ஓக்லஹோமா_சேகர்

வேண்டாம் கதிர். 2017 ஏப்ரல் 7 இரவு 11.40-ஐ ஒட்டி டாலஸில் 156 சைரன்களும் ஒன்றாக அலறின. யாரோ ரேடியோ சமிக்ஞையைப் போலி செய்து கிளப்பியது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டு ஊதியது. 911-க்கு 4,400-க்கும் மேல் அழைப்புகள். அதில் உண்மையிலேயே உயிருக்குப் போராடியவர் எத்தனை நேரம் காத்திருந்திருப்பார்? பழைய அமைப்புகளில் டோனைத் திரும்ப ஒலிபரப்பினாலே சைரன் கிளம்பும். அதைத் தெளிவான கோப்பாக இணையத்தில் ஏற்றுவது வீட்டுச் சாவியைப் படியில் வைப்பது.

#14 | சுருதிப்பெட்டி

ஏற்றக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றில்லை. ஆனால் ஸ்கேனரே கூடாது என்று சேகர் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சோதனை ரத்தா, தாமதமா என்பது அதில்தான் முதலில் தெரியும். கேளுங்கள், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஸ்கேனர் ஓடினால் அதன் ஒலி மைக்கில் விழும், அதனால் காதொலிப்பான் போட்டுக் கேளுங்கள்.

#15 | ஓக்லஹோமா_சேகர்

அதோடு, ஏற்கெனவே எடுத்த பதிவில் டோன் விழுந்திருந்தால் ஏற்றும் முன் அந்த இடத்தை முழு மௌனமாக்குங்கள். ஒலியைக் குறைத்து வைத்தால் போதாது, திரும்பத் தூக்கிவிடலாம்.

#16 | டெசிபல்தாசன்

கோப்புக் குறிப்பில் எழுத வேண்டியவை: தேதி, ஊர், சைரன் மாதிரி (உறுதியானால் மட்டும், இல்லையேல் தோற்றத்தை விவரிக்கவும்), தூரம், மைக் உயரம், கெய்ன், வெப்பநிலை, காற்றின் திசை, எந்த ஒலி ஊதப்பட்டது. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் மட்டும் வெட்டுங்கள். இரைச்சல் நீக்கி போடவே போடாதீர்கள். தொடர்ந்து ஒரே சுருதியில் வரும் ஒலியை அது இரைச்சல் என்று நினைத்து அரித்துவிடும்.

#17 | நேபர்வில்_மாலா

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: 10 மணி ஆகியும் அது ஊதவில்லை, அல்லது சுற்றாமல் ஒரே பக்கம் பார்த்து ஊதுகிறது என்றால்?

#18 | கம்பத்தடி

முதலில் ரெக்கார்டரை 10.10 வரை நிறுத்தாதீர்கள். சில ஊர்கள் இரண்டாவது முறை இயக்கும். தொலைவில் மற்ற சைரன்கள் கேட்டு, உங்களுடையது மட்டும் ஊமை என்றால் பழுது. மின்னணு ரகம் என்றால் மட்டும் காதுக்கு எட்டாத மௌனச் சோதனையாகவும் இருக்கலாம்.

பழுது என்றால் ஊரின் அவசரகால மேலாண்மை அலுவலகத்துக்கு, அவசரமில்லாத எண்ணில் சொல்லுங்கள். 911 கூடாது. குறுக்குச் சந்திப்பின் பெயர், நேரம், என்ன நடந்தது: ஒலியே இல்லை, உறுமி நின்றது, ஊதியது ஆனால் புனல் சுற்றவில்லை, எந்தத் திசை பார்த்து நின்றது. கடைசியில் சொன்னது முக்கியம். ஒலி வந்ததால் கட்டுப்பாட்டு அறையில் சரி என்று காட்டலாம், ஆனால் புனலின் முதுகுப் பக்கத்துத் தெருக்களுக்கு எச்சரிக்கை பாதிகூடப் போய்ச் சேர்ந்திருக்காது. உங்கள் காணொளியில் புனலும் தெருவும் ஒரே சட்டகத்தில் இருந்தால் பழுதுபார்ப்பவருக்கு அதுவே போதும். அதனால் படத்தை ஜூம் செய்யாமல் அகலமாக வையுங்கள்.

#19 | நேபர்வில்_மாலா

சரி அண்ணா. 150 மீட்டர், மைக் 30 சென்டிமீட்டர், கெய்ன் அடிமட்டம், காதில் செருகி. செவ்வாய் மாலை மூலக் கோப்பை இங்கே ஏற்றுகிறேன். சுருதிப்பெட்டி ஐயா அளந்து சொல்லுங்கள்.